அவிழ்ப்பவரும் புனைபவரும்

ஜப்பானியச் சதுரங்கமாகிய ஷோகியைப் பற்றி அண்மை ஆண்டுகளில் எங்கே படித்தாலும் ஒரு பெயர் தவறாமல் வருகிறது. ஃபுஜீ சோட்டா. 2002-இல் பிறந்தவர், 2016 அக்டோபரில், 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார், 2023 அக்டோபரில் ஷோகியின் எட்டுப் பெரும் பட்டங்களும் ஒருசேர அவர் கையில் இருந்தன. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள்: சிறுவயதிலிருந்து ட்சுமே ஷோகிப் புதிர்களை அவிழ்த்து அவிழ்த்துப் பழகியவர், ஆகவே அவருடைய இறுதியாட்டம் அத்தனை கூர்மை. இது பொய்யன்று. ஆனால் இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நமக்குள் ஏதோ உறுத்துகிறது. செய்யுளைப் பதம் பிரிக்கப் பயின்றதால் மாணவனுக்கு இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் கிடைத்தது என்று மகிழ்வதைப் போன்றது இது. மதிப்பெண் மெய்தான். செய்யுள் என்னவாயிற்று?

ட்சுமே ஷோகி என்பது அரசனை வீழ்த்தும் புதிர். அதை ஆட்டக்காரர்களின் தீட்டுக்கல்லாக மட்டும் பார்ப்பது நானூறு ஆண்டு மரபுடைய ஒரு கலைக்கு இழைக்கப்படும் அநீதி என்பதே நம் கட்சி. அதற்கு முன்னால், ஷோகி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அறிந்தவர்கள் தாண்டிச் செல்லலாம்.

ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள் கொண்ட பலகை. இரு தரப்புக்கும் சேர்த்து 40 காய்கள். இது நம் பழைய சதுரங்கத்தின் தூரத்து உறவு என்பது காய்களைப் பார்த்தாலே விளங்கும்: பறக்கும் தேர் உண்டு, குதிரை உண்டு, காலாள் உண்டு. அரசனை ஒட்டிப் பொன், வெள்ளி என்னும் தளபதிகள் நிற்கிறார்கள். (வெள்ளியின் ஐந்து நகர்வுகளும், 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி இந்தியச் சதுரங்கத்தில் கண்டு எழுதிவைத்த யானையின் நகர்வுகளோடு அப்படியே ஒத்துப்போகின்றன. யானை எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு இது ஒரு சிறு ஆறுதல்.) ஷோகியில் வெட்டுண்ட காய் சாவதில்லை. வெட்டியவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தன் முறை வரும்போது தன் படையாகவே பலகையில் இறக்கலாம். எதிரியின் மூன்று வரிசைகளுக்குள் நுழையும் காய், விரும்பினால், தரம் உயரலாம்.

புதிரின் விதிகள் கடுமையானவை. தாக்குபவர் ஒவ்வொரு நகர்விலும் அரசனுக்கு முற்றுகை கொடுத்தே ஆகவேண்டும். ஐரோப்பியச் சதுரங்கப் புதிர்களில் மெச்சப்படும் ஓசையற்ற நகர்வு இங்கே இல்லை. தற்காப்பவர் எவ்வளவு நீட்டிக்க முடியுமோ அவ்வளவு நீட்டிக்க வேண்டும். பலகையிலும் தாக்குபவர் கையிலும் இல்லாத காய்கள் அத்தனையும் அவர் கையில் இருப்பதாகக் கொள்ளப்படும். தாக்குபவருக்கு வழி ஒன்றே ஒன்றுதான். முடிவில் அவர் கையில் ஒரு காயும் மிஞ்சக்கூடாது. இருவர் நகர்வுகளையும் சேர்த்து எண்ணுவதால் புதிர்களின் நீளம் எப்போதும் ஒற்றைப்படை.

மிக எளிய ஒன்றைச் சொல்கிறோம். எதிரியின் அரசன் கடைசி வரிசையின் நடுக்கட்டத்தில் தனித்து நிற்கிறான். அவனுக்கு முன்கட்டம் காலி. அதற்கும் முன்கட்டத்தில் நம் சிப்பாய். நம் கையில் ஒரு பொன். அரசனின் தலைக்கு நேரே பொன்னை இறக்கினால் முடிந்தது: பொன்னை வெட்ட முடியாது, பின்னால் சிப்பாய் காவல் நிற்கிறான், பக்கங்களிலும் போக முடியாது, நான்கு கட்டங்களையும் பொன்னே ஆள்கிறது. ஜப்பானியர் இதைத் தலைப்பொன் என்பார்கள். அதே இடத்தில் வெள்ளியை இறக்கிப் பாருங்கள். வெள்ளிக்குப் பக்கவாட்டில் கண் இல்லை. அரசன் அதன் வலப்புறமோ இடப்புறமோ நழுவிவிடுவான்.

இந்த அளவில் இது பயிற்சிதான், மறுக்கவில்லை. கலை எங்கே தொடங்குகிறது என்றால், நம் கணக்கில், ஒரு தடையிலிருந்து. கையிலுள்ள சிப்பாயை இறக்கி அந்த நகர்விலேயே ஆட்டத்தை முடிப்பது ஷோகியில் குற்றம். பலகையில் ஏற்கனவே நிற்கும் சிப்பாய் முன்னேறி அரசனை வீழ்த்தலாம். கையிலிருந்து இறங்கிய சிப்பாய் வீழ்த்தக்கூடாது. விதி சிறியதுதான். அதிலிருந்து புனைபவர்கள் கட்டி எழுப்பியிருப்பதைப் பார்த்தால் வியப்பு அடங்குவதில்லை.

தேரும், கோணத்தில் பாயும் காயும், சிப்பாயும் தரம் உயர்ந்தால் இழப்பது ஒன்றுமில்லை, பெறுவது மட்டுமே. ஆகவே சாதாரண ஆட்டத்தில் இவற்றின் தரத்தை உயர்த்த மறுப்பதற்குக் காரணமே இருப்பதில்லை. ஆனால் புதிரில் இப்படி ஒரு நிலை வரும்: தரம் உயர்த்தினால் அரசனின் கடைசி மூச்சுத்துளையும் அடைபட்டுவிடும். அதன்பின் நம் கையிலிருப்பது ஒரே ஒரு சிப்பாய். அதை இறக்கினால் ஆட்டம் முடியும், முடிவதாலேயே அதை இறக்க முடியாது! தரம் உயர்த்தாமல் விட்டாலோ அரசனுக்கு ஒரு கட்டம் மிஞ்சுகிறது. மிஞ்சுவதால் சிப்பாயை இறக்குவது வெறும் முற்றுகை ஆகிறது, அனுமதிக்கப்படுகிறது. அரசன் அந்த ஒரே கட்டத்துக்கு ஓடுகிறான். அங்கே அவனுக்கு வேறொரு முடிவு காத்திருக்கிறது. வலிமையைக் கையில் வைத்துக்கொண்டு அதை மறுத்தால்தான் வழி திறக்கும் இந்த இடத்துக்கு, கணக்கிட்டு மட்டும் எவரும் எளிதில் வந்து சேர்வதில்லை. நெருக்கு, இன்னும் நெருக்கு என்றே அவிழ்ப்பவரின் மனம் ஓடும். புனைபவர் அந்த மனத்தை அறிந்து அதற்கு எதிராக எழுதியிருக்கிறார். முதல்முறை இப்படியொரு புதிரில் நாம் சிக்கியபோது இரண்டு மாலைகள் போயின. விடை புலப்பட்டதும் வெற்றியுணர்வு எதுவும் வரவில்லை. யாரோ நம்மை நன்றாக அறிந்திருக்கிறார் என்ற கூச்சமே வந்தது.

தற்காப்புத் தரப்பிலும் இதே விளையாட்டு நடக்கிறது. தொலைவிலிருந்து தேர் முற்றுகை கொடுக்கும்போது, அரசன் தரப்பு வேண்டுமென்றே ஒரு காயை வழியின் நடுவே, காவலே இல்லாத கட்டத்தில், பலியாக இறக்கும். தேர் அதை வெட்டியே முற்றுகையைத் தொடர வேண்டியிருக்கும். வெட்டினால் அருகே வந்துவிடும். அருகே வந்ததாலேயே அடுத்த நகர்வு கெட்டுவிடும். இத்தனை தந்திரமும் யாருடையது? எதிராளி என்று ஒருவர் இல்லை. தாக்குதலையும் தற்காப்பையும் ஒரே கைதான் எழுதியிருக்கிறது. நாடகாசிரியர் செய்கிற வேலை இது.

இந்த மரபின் உச்சம் இத்தோ குடும்பத்துச் சகோதரர்கள். எதோ காலத்தில் ஷோகி மூன்று குடும்பங்களின் சொத்தாக இருந்தது. ஷோகுன் அரசின் ஊதியம் பெற்ற குடும்பங்கள். ஷோகுனுக்கு நூறு புதிர்கள் கொண்ட தொகுப்பை அர்ப்பணிக்கும் வழக்கம் அவற்றில் நிலவியது. ஏழாம் மெய்ஜினான மூன்றாம் இத்தோ சோகான் 1734-இல் அளித்தது 'ஷோகி முசோ'. அவர் தம்பி இத்தோ கான்ஜூ 1755-இல் அளித்தது 'ஷோகி ஸுகோ'. கான்ஜூ 1719-இல் பிறந்து 1760-இல், அண்ணனுக்கு ஓராண்டு முன்பே இறந்துபோனார். வாழ்நாளில் மெய்ஜின் பட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. இன்றைக்கு அவரை நினைப்பவர்கள் அவர் வென்ற ஆட்டங்களுக்காக நினைப்பதில்லை.

'ஸுகோ'வின் கடைசி மூன்று புதிர்களைச் சொன்னால் போதும். 98-ஆவதில் பலகையில் அரசனைத் தவிர வேறொன்றும் இல்லை; மற்றவை அனைத்தும் கைகளில். 99-ஆவது நேர் எதிர்: தாக்குபவரின் அரசன் நீங்கலாக 39 காய்களும் பலகையில் நெருக்கியடித்து நிற்கின்றன, 117 நகர்வுகளில் ஒவ்வொன்றாகக் கரைந்து, முடிவில் அரசனும் அவனை வீழ்த்தும் இரண்டு காய்களும் மட்டும் எஞ்சுகின்றன. இதற்குப் புகை என்று பெயர். இதைப் போல் இன்னொன்றை மற்றொருவர் புனைய ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. நூறாவது 611 நகர்வுகள். அந்த நீளத்தை 1955-இல்தான் ஒருவர் தாண்டினார், 873 நகர்வுகளில். பின்னர் 1986-இல் ஹாஷிமோட்டோ கோஜி 'மைக்ரோகாஸ்மாஸ்' என்ற புதிரை வெளியிட்டார். திருத்தப்பட்ட வடிவில் அது 1525 நகர்வுகள்.

நீளத்தின் மேல் நமக்குப் பெரிய மோகமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். நீண்ட புதிர்கள் பெரும்பாலும் சுழல்கள்: ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மட்டும் சற்றே நகர்ந்திருக்கும். பொறியமைப்பாக அது மகத்தானது. மறுபடி படிக்கத் தோன்றுவது புகையைத்தான். அதைவிடவும், பத்துப் பன்னிரண்டு நகர்வுக்குள் ஒரேயொரு எண்ணத்தைச் சொல்லிவிட்டு விலகும் சிறிய புதிர்களைத்தான்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. பயனும் கலையும் இங்கே ஒருபோதும் வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்ததில்லை. நூறு புதிர்களை அர்ப்பணிப்பதே தொழிலில் தலைமைக்கு ஒரு சான்றாகத்தான் இருந்தது. 'முசோ', 'ஸுகோ' இரண்டையும் முழுவதும் அவிழ்த்து முடிப்பவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிடலாம் என்ற பொருளில் மறைந்த யோனெனாகா குனியோ சொன்னது புகழ்பெற்றது. அதை நம்பித்தான் எத்தனையோ சிறுவர்கள் கான்ஜூவின் பக்கங்களைத் திறந்தார்கள். பட்டத்தின் ஆசையால் திறந்தவன் ஒருவன் புகையைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டிருந்தால் அது யோனெனாகாவின் புண்ணியம். 2004-இல் தொடங்கிய அவிழ்ப்புப் போட்டியும் அப்படியே: 90 நிமிடத்தில் ஐந்து புதிர்கள், மீண்டும் 90 நிமிடத்தில் ஐந்து. தொழில்முறையாளரும் மற்றவர்களும் ஒரே கூடத்தில் அமர்கிறார்கள். 2015-இல், ஆரம்பப் பள்ளியை விட்டு வெளியேறும் வயதில் ஃபுஜீ அதை வென்றார்; 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை. கடிகாரத்தை வைத்துக் கவிதை படிப்பது போலிருக்கிறதே என்று நமக்குத் தோன்றினாலும், அந்தக் கூடத்துக்குப் புதிர்கள் தேவை, புதிர்களுக்குப் புனைபவர்கள் தேவை.

பெரிய சவால் கணினியிடமிருந்து வந்தது என்பார்கள். 1997-இல் செயோ மசாஹிரோவின் நிரல் 'மைக்ரோகாஸ்மா'ஸையே அவிழ்த்துவிட்டது. இன்று புதிர்களில் பெரும்பாலானவை நிரலின்முன் நொடிப்பொழுது நிற்பதில்லை. ஆனால் இதில் தோற்றவர் யார்? புனைபவரின் நிரந்தரமான அச்சம் இரண்டாம் வழி; தாம் நினையாத ஒரு வழியில் அரசன் வீழ்ந்தால் புதிர் உடைந்தது. மாதக்கணக்கில் செதுக்கியதை எங்கோ ஒரு வாசகரின் அஞ்சலட்டை நொறுக்கிய காலம் அது. பழைய பெருந்தொகுப்புகளிலேயே பிற்காலத்தார் இத்தகைய பிழைகளைக் கண்டிருக்கிறார்கள். அந்த அச்சத்தைக் கணினி நீக்கியது. பிழையில்லை என்ற சான்றிதழை மட்டுமே அது தருகிறது. பிழையற்ற ஐந்து நகர்வுப் புதிர்களை அதுவே ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யவும் முடியும். எதுகை மோனை தளை எதுவும் தட்டாத, உயிரில்லாத வெண்பாக்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அவை என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கான்ஜூவின் பெயரால் ஆண்டுதோறும் சிறந்த புதிர்களுக்கு வழங்கப்படும் பரிசை இன்றும் மனிதர்கள்தான் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள்.

எனவே கலைக்கு ஆபத்து எந்திரத்திடமிருந்து அன்று, பயன் மீதான மோகத்திலிருந்துதான் என்று நினைக்கிறோம். ஃபுஜீயின் கதையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அவர் அவிழ்ப்பவர் மட்டுமல்லர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, 2012-இல், புதிர் புனையும் போட்டியொன்றில் தானிகாவா கோஜியின் பெயரிலான பரிசைப் பெற்றார். பின்னர் அவருடைய ஆசிரியர் சுகிமோட்டோ மசாதாகா, புனைவதைச் சற்று ஒதுக்கிவைக்கும்படி அறிவுறுத்தினார். நேரத்தையும் மனத்தையும் அது விழுங்கிவிடும் என்பதால். ஆசிரியராக அவர் செய்தது சரி. எட்டுப் பட்டங்களும் அதை மெய்ப்பித்துவிட்டன. ஆனாலும் அந்தச் சிறுவன் புனையாமல் விட்ட புதிர்களைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தானிகாவாவும் சாதாரணர் அல்லர். 1983-இல் 21 வயதில் மெய்ஜின் ஆனவர். அந்த இளவயதுச் சாதனையை 2023-இல் முறியடித்தவர் அதே ஃபுஜீதான். ஆட்டத்தின் உச்சியில் நின்ற அவர் வாழ்நாள் முழுவதும் புதிர்களும் புனைந்து, 2011-இல் நூறு புதிர்களின் தொகுப்பை வெளியிட்டார். அதன் பெயர் 'கெக்கா சுய்கோ'. நிலவின் கீழ் தள்ளுவதும் தட்டுவதும் என்று பொருள். தாங் காலத்துச் சீனக் கவி ஜியா தாவோ, தன் கவிதையில் துறவி கதவைத் தள்ளினார் என்பதா தட்டினார் என்பதா என்று முடிவுசெய்ய முடியாமல், கைகளால் தள்ளியும் தட்டியும் பார்த்தபடி கழுதை மேல் சென்று, ஒரு பெரிய அதிகாரியின் ஊர்வலத்தில் போய் மோதிக்கொண்டான் என்பது கதை. அந்த அதிகாரி ஹான் யூ, அவனும் கவிஞன். தண்டிப்பதற்குப் பதில் சற்று யோசித்து, "தட்டினார்" என்பதே நன்று என்றானாம். சீனத்திலும் ஜப்பானியத்திலும் கவிதையைத் திருத்திச் செப்பனிடுவதற்கு இன்றும் அந்த இரண்டு எழுத்துகள்தான் சொல்.