லவுடன் கவுண்டி நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை

அமெரிக்கத் தேர்தல் இரவுகளில் டிவி சேனல்கள் முதலில் உற்றுப் பார்க்கும் இடங்களில் ஒன்று, வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி. வாஷிங்டன் நகருக்கு மேற்கே, டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டிய பகுதி. இங்கே வாக்குகளைச் சீக்கிரம் எண்ணிவிடுவார்கள். 2024 நவம்பர் 5 இரவு, இங்கே கமலா ஹாரிஸ் ஜெயித்த செய்தியே அவர் கட்சிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், 2020ல் பைடன் சுமார் 25 புள்ளி முன்னிலை பெற்ற கவுண்டியில் ஹாரிஸுக்குக் கிடைத்தது சுமார் 16தான்.

"நம்ம ஆளுங்க ட்ரம்ப்புக்குப் போட்டுட்டாங்க" என்று அப்போது வாட்ஸ்அப்பில் ஓடிய விளக்கம் பாதி உண்மைகூட இல்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கணும்.

1968 முதல் 2004 வரை எல்லா அதிபர் தேர்தலிலும் லவுடன் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போட்டது. 1990ல் இங்கே மக்கள்தொகை சுமார் 86 ஆயிரம். குதிரைப் பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களும் இருந்த கிராமப்புறம். 2020ல் அது 4 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டியது. ஆஷ்பர்ன், சவுத் ரைடிங் பக்கம் ஐடி வேலைக்கு வந்த குடும்பங்கள் வீடு வாங்கின. 2008ல் ஒபாமா இங்கே ஜெயித்த பிறகு எந்த அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கு இந்தக் கவுண்டி கிடைக்கவில்லை. மேற்கே பர்செல்வில் பக்கம் இன்னும் சிவப்பு, கிழக்கே நீலம்.

அதற்காக இதை "பாதுகாப்பான நீலக் கவுண்டி" என்று எழுதிவிட முடியாது. பைடன் 25 புள்ளியில் ஜெயித்து ஒரே வருஷத்தில், 2021 கவர்னர் தேர்தலில், அதே கட்சியின் மெக்காலிஃப் இங்கே பெற்ற முன்னிலை சுமார் 11. மாநிலத்தையே யங்கினிடம் தோற்றார். அடுத்து 2025 நவம்பரில் ஸ்பான்பெர்கர் இங்கே 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி கவர்னர் ஆனார். ஐந்து வருஷத்தில் ஊசல் இப்படி ஆடுகிறது என்றால், கட்சி விசுவாசம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வர்ஜீனியாவில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

என் கணிப்பில், இங்கே ஓட்டை ஆட்டுவது மூன்று விஷயங்கள். ஒன்று, பள்ளிக்கூடம். 2021ல் பள்ளி வாரியக் கூட்டங்கள் ரகளையில் முடிந்ததும், பள்ளிகளில் நடந்த பாலியல் குற்றங்களை நிர்வாகம் கையாண்ட விதமும் கட்சி பார்க்காமல் பெற்றோரைக் கோபப்படுத்தின. இரண்டு, வேலை. 2025ல் மத்திய அரசு ஊழியர் ஆட்குறைப்பு, அதன் மேல் அக்டோபரில் தொடங்கிய அரசு முடக்கம், புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம். அரசுச் சம்பளத்தையும் அரசு கான்ட்ராக்ட்டையும் நம்பி வீட்டுக்கடன் கட்டும் ஊரில் இதன் பலன் எந்தப் பக்கம் போகும் என்று ஊகிக்க பெரிய கணக்கு வேண்டாம்.

மூன்றாவது, டேட்டா சென்டர். டிவியில் பேசப்படாதது இதுதான். நம் வீட்டுக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான். உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் அதிகம் குவிந்த இடம் ஆஷ்பர்ன். அவை கட்டும் வரியின் தயவில் நம் வீட்டு வரி விகிதம் 100 டாலர் மதிப்புக்கு 2020ல் 1.035 டாலராக இருந்தது, 2025ல் 80.5 சென்ட்டாக இறங்கியது. விலையாக நாம் கொடுப்பது ஜன்னலுக்கு வெளியே மின்கோபுரம், இரவெல்லாம் இரைச்சல். அனுமதி கேட்காமலே சில மண்டலங்களில் கட்டலாம் என்றிருந்த விதியை 2025 மார்ச்சில் கவுண்டி வாரியம் நீக்கியது. இனி ஒவ்வொரு புது விண்ணப்பமும் வாரியத்தின் ஓட்டுக்கு வரணும்.

அந்த வாரியத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? லவுடனில் கவுண்டி வாரியத் தேர்தல் ஒற்றைப்படை வருஷங்களில், அதிபர் தேர்தல் இல்லாதபோது வருகிறது. கூட்டம் குறைவு, அதனால் ஒரு ஓட்டின் எடை அதிகம். நம் வீடுகளிலோ நிலைமை தலைகீழ். ட்ரம்ப்பா ஹாரிஸா என்று இரவு முழுக்க வாதாடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் தொகுதியின் வாரிய உறுப்பினர் பெயர் தெரியும்?

இந்திய வம்சாவளியினர் மேலே போகவில்லை என்று சொல்ல முடியாது. சுஹாஸ் சுப்பிரமணியம் 2024ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். அவர் காலி செய்த மாநில செனட் இடத்தை 2025 ஜனவரி இடைத்தேர்தலில் கண்ணன் ஸ்ரீனிவாசன் பிடித்தார். பெருமைதான். ஆனால் நம் தெருவுக்குப் பின்னால் துணைமின்நிலையம் வருமா என்பதை முடிவு செய்வது நாடாளுமன்றம் இல்லை.

அடுத்த கவுண்டி வாரியத் தேர்தல் 2027 நவம்பரில். குடியுரிமை வாங்கியவர்கள், இங்கே பிறந்து 18 ஆன பிள்ளைகள் இப்போதே பதிவு செய்யுங்கள். முன்கூட்டியே ஓட்டுப் போட 45 நாள் இருக்கு. என்னைப் போல கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் ஓட்டுப் போடக் கூடாது, போட்டால் குற்றம். ஆனால் வாரியத்தின் பொது விசாரணைக் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று பேச குடியுரிமை தேவையில்லை. வரி கட்டுகிற நமக்கு அந்தச் சில நிமிஷங்களாவது சொந்தம்.