0.00 என்றால் டிராவா?

செஸ்ஸில் கம்ப்யூட்டர் பெரிசா மனுஷன் பெரிசா என்ற பட்டிமன்றம் 1997-லேயே முடிந்துவிட்டது. நொடிக்கு சுமார் 20 கோடி நிலைகளை அலசிய டீப் ப்ளூ, காஸ்பரோவை 3.5 - 2.5 என்று வென்றது. இன்றைக்கு போனில் ஓடுகிற ஸ்டாக்ஃபிஷை கார்ல்சனால் கூட ஜெயிக்க முடியாது. அது போகட்டும். ஆட்டம் பார்க்கிற நாமும் கம்ப்யூட்டர் கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டோமே, அதுதான் என் வருத்தம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் கடைசி, 14-வது ஆட்டம். இருவருக்கும் 6.5 புள்ளி. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கணக்கில் ஆட்டம் சமம். "டிராதான், நாளைக்கு டைபிரேக் பார்த்துக்கலாம்" என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

அந்த சமத்துக்கு என்ன அர்த்தம்? எதிராளி எப்போதும் இருப்பதிலேயே நல்ல பதிலைத்தான் ஆடுவான் என்று வைத்துக்கொண்டுதான் இயந்திரம் கணக்குப் போடுகிறது. எங்கள் எகனாமிக்ஸ் புத்தகத்தில் எல்லா நுகர்வோரும் யோசித்து யோசித்தே சாமான் வாங்குவார்களே, அந்த மாதிரி :-) இரண்டு இயந்திரங்கள் ஆடினால் அது சரி. நவம்பர் 25-லிருந்து ஆடிக் களைத்த டிங் லிரெனுக்கு அது எப்படிப் பொருந்தும்?

குகேஷ் டிராவுக்கு அவசரப்படவில்லை. எதிராளி சரியாக ஆடினால் ஜெயிக்க வழியில்லை. ஆனால் தனக்கும் தோற்கிற பயம் இல்லை. அந்தப் பக்கம் டிங்தான் ஒவ்வொரு தடவையும் சரியான நகர்த்தலைத் தேட வேண்டும். 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுபோனார். யானைகள் வெட்டுப்பட்டன. மூலையில் மாட்டியிருந்த அவருடைய மந்திரியும் தப்ப முடியாமல் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும். சென்னைப் பையன் 18 வயதில் உலக சாம்பியன்!

உடனே "டிங் தூக்கிக் கொடுத்த வெற்றி" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்குப் பக்கமாக ஒருவரை யோசிக்க வைத்துக் களைக்க வைப்பது ஆட்டத்தில் சேர்த்தி இல்லையா? முதல் நகர்த்தலும் 55-வது நகர்த்தலும் இயந்திரத்துக்கு ஒன்றுதான், மனுஷனுக்கு அப்படியா?

ஆட்டத்தின் தரத்தைக் கடுமையாகச் சாடியவர்களில் முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கும் ஒருவர். 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ் ப்ரோகிராமோடு ஆடும்போது, அடுத்த நகர்த்தலிலேயே விழவிருந்த செக்மேட்டைப் பார்க்காமல் விட்டவர் இதே கிராம்னிக்தான். அப்போது உலக சாம்பியனும் அவர்தான்.