வெளிச்சுவர் யார் பங்கு?

பழைய வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசணும், எல்லாரும் லீவு போட்டுட்டு வாங்க என்று ஊரிலிருந்து தகவல் வந்தால், நம்மில் பல பேருக்கு உடனே ஆடிட்டிங் வந்துவிடும். இல்லையென்றால் மானேஜர் லீவு தரமாட்டார். இந்த இரண்டையும் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ எந்த ஆபீஸுக்கும் போகலியேல" என்றார். பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பதில் இந்த ஒரு சங்கடம் உண்டு.

எங்கள் ஊர் மணியாச்சி. தூத்துக்குடி ரயிலில் போகிறவர்கள் 'வாஞ்சி மணியாச்சி' என்று போர்டில் படித்திருப்பீர்கள். 1911 ஜூன் 17-ம் தேதி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்த ஸ்டேஷனில்தான். அதற்கப்புறம் ஊரில் கேட்ட பெரிய சத்தம், 2024 தை மாசம் எங்கள் காட்டு வீட்டின் மேற்குச் சுவர்ப் பூச்சு மொத்தமாக விழுந்த சத்தம்தான் என்பது அப்பாவின் கணிப்பு. 'காடு' என்றதும் புலி, யானை என்று கிளம்பிவிடாதீர்கள். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குப் பேரே காடுதான். உளுந்து, கம்பு, மிளகாய் விளையும். நடுவில் இந்த வீடு.

தாத்தா 1938-ல் கட்டியது. செங்கல், இடையில் செம்மண் சாந்து, மேலே சுண்ணாம்புக் காரை. பக்கத்துத் தாழையூத்தில் சிமென்ட் ஆலையே 1949-ல்தான் வந்தது. ஏறக்குறைய அறுபது வருஷம் சுண்ணாம்பை உடுத்திக்கொண்டு நின்ற வீட்டுக்கு, 1997-ல் ஒரு சொந்தக்கார கான்ட்ராக்டர் (பேர் வேண்டாம், இன்னும் விசேஷங்களில் பார்க்க வேண்டியிருக்கிறது) காரையைக் கொத்தி எடுத்துவிட்டு கனமாக சிமென்ட் பூசினார். பார்க்க பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி கம்பீரமாக இருந்தது.

கரிசல் மண்ணுக்குக் கம்பீரமெல்லாம் ஆகாது. அதில் மான்ட்மோரில்லோனைட் என்று ஒரு களிமண் இருக்கிறது. மழையில் தண்ணியைக் குடித்து ஊதும். கோடையில் சுருங்கி, கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் நிற்கிற வீடும் வருஷத்துக்கு ஒரு தடவை லேசாக ஏறி இறங்குகிறது. உள்ளே தூங்குகிற நமக்குத் தெரியாது, சுவருக்குத் தெரியும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தாலும், மழைத் தண்ணியில் துளித்துளியாகக் கரைந்து வந்து தானே அடைத்துக்கொள்ளும். சிமென்ட் விறைப்பான ஆசாமி. வளையாது, உடையும். அந்த வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணி, வெளியே ஆவியாகப் போக வழியில்லாமல் செம்மண் சாந்தை ஊறவைத்துக்கொண்டே இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றதே, அதே மழை. எங்கள் மேற்குச் சுவர் அதைக் குடித்தது. தை வெயிலில் வயிறு உப்பி, பூச்சு ஆளுயரத்துக்குச் சரிந்தது. கூடவே செங்கல்லும் நாலு.

குடும்ப மாநாடு கூடியது. சென்னை அண்ணன், "இடிச்சுட்டு நாலு பில்லர் போட்டுக் கட்டிருவோம். இல்லாட்டி எலிவேஷன் டைல்ஸாவது ஒட்டுவோம்" என்றார். சாத்தூர் அக்கா, "அப்பா இருக்கிற வரைக்கும் இடிக்கக் கூடாது" என்றாள். 'வரைக்கும்' என்ற வார்த்தையை அப்பா ரசிக்கவில்லை. மதினி மட்டும், "மாமாவுக்கு எழுபத்தெட்டு வயசு. நாம ஊருக்குப் போனப்புறம் அந்தச் சுவத்து ஓரமா படுக்கப் போறது அவங்கதானே? அவங்க சொல்றதையும் கேளுங்க" என்றார். மாநாட்டில் உருப்படியாகப் பேசப்பட்ட ஒரே பேச்சு அது.

அப்பா சுண்ணாம்பு என்றார். முடிந்தது.

ஆனால் அண்ணன் ஒரு ஷரத்து போட்டார். "நான் எவ்வளவு குடுக்கேன்னு எழுதி வச்சுக்கோ. நாளைக்குப் பேச்சு வரக்கூடாது." பி.காம். படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. வெள்ளையடித்தால் ரெவின்யூ செலவு, வீட்டின் ஆயுளைக் கூட்டினால் கேபிடல் செலவு என்று படித்திருக்கிறோம். அண்ணன், அக்கா, நான் என்று மூன்று காலம் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பெரிய தொகை எந்தக் காலத்தில் விழுகிறதோ, நாளைக்கு அந்தப் பக்கம் வீடு சாயும்.

2025 மே மாசம் வேலை. சுண்ணாம்பு வேலைக்கு அக்னி வெயில் ஆகாது, ஆனால் பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு. கொத்தனார் அண்ணாச்சிக்கு எழுபது வயசு. காரை வேலை தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதே கஷ்டம். அவர் முதலில் சுவரைத் தொடவே இல்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, குளிக்கிற அறைத் தண்ணி மேற்குச் சுவர் அடியிலேயே விழுவதைக் காட்டினார். "ஒரு பக்கம் மட்டும் மண்ணு எப்பவும் ஈரமா கெடந்தா, வீடு நொண்டும் தம்பி. மொதல்ல இதத் திருப்புங்க." ஆக, முதல் மூன்று நாள் பூச்சு கிடையாது. குழாயைத் தள்ளி வைத்தோம். சுவரோரம் நாலடி அகலத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்து, சரள் கொட்டி, தண்ணி வெளியே ஓட வாட்டம் வைத்தோம். போட்டோவில் தெரியாத வேலை. செலவிலும் முதுகுவலியிலும் பாதி இதற்கே போனது.

சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி, பதினைந்து நாளுக்கு மேல் தண்ணிக்குள் ஊறப்போட்டிருந்தார். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். கடுக்காயைத் தட்டி, கருப்பட்டியோடு ஊறவைத்த தண்ணியை விட்டுக் குழைக்க வேண்டும். கருப்பட்டி சுவருக்குப் போனது பாதி, அண்ணன் மகன் வயிற்றுக்குப் போனது மீதி. எறும்புகள் தனியாக ஒரு பங்கு கேட்டன. செட்டிநாட்டு வீடுகளில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள் என்று நான் பொது அறிவைக் காட்டினேன். "மஞ்சக்கருவ என்ன செய்யதாம்?" என்று கேட்டு அக்கா முறைத்தாள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

சுண்ணாம்பு காய்ந்து கெட்டியாவதில்லை. காற்றிலிருக்கிற கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. அதுவரை ஈரம் வேண்டும். அதனால் கோணிச் சாக்குகளை நனைத்துச் சுவரெல்லாம் தொங்கவிட்டோம். காலை, மதியம், சாயங்காலம் தண்ணி. மே மாசத்து மணியாச்சியில் தண்ணி! குடத்துக்காக அண்ணனும் அக்காவும் சின்ன வயசில் போட்ட அதே சண்டையை அதே வார்த்தைகளில் போட்டார்கள்.

கடைசி நாள் கணக்குப் பார்த்தேன். ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். யார் யார் எவ்வளவு என்று வாசிக்கப் போனபோது அப்பா கையை நீட்டி நோட்டை வாங்கினார். மூன்று காலத்தையும் சேர்த்து குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"உள்ரூமை ஆளுக்கொண்ணாப் பிரிச்சிக்கலாம். வெளிச்சுவரை எப்படிலே பிரிப்பீய?"

அண்ணன் பதில் பேசவில்லை. ஜன்னல் மூலையில் விரலளவு நீளத்தில் ஒரு மயிரிழை விரிசல் வந்திருந்தது. கொத்தனார் அண்ணாச்சி, "கெடக்கட்டும், தொடாதீக" என்று சொல்லியிருந்தார். மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்முன் அண்ணன் என் பென்சிலை வாங்கிக்கொண்டு போய், விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் தேதி எழுதினார்.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்து போனது. பொங்கலுக்கு வந்தவர் பையைக்கூட இறக்காமல் நேரே மேற்குப் பக்கம் போனார். விரிசல் கோட்டைத் தாண்டவில்லை. இப்போது அங்கே இரண்டு தேதி இருக்கிறது.