ஐந்து கெஜம் செய்த வேலை

2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ். அமெரிக்கக் கால்பந்தின் உச்சகட்டப் போட்டியான சூப்பர் பவுல். கான்சஸ் சிட்டி அணியும் சான் பிரான்சிஸ்கோ அணியும் கூடுதல் நேரம் வரை மல்லுக்கட்டிய அந்த ஆட்டத்தில் 13 முறை கிக்-ஆஃப் உதைத்தார்கள். 13 முறையும் டச்பேக்தான். ஒருவர்கூடப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை.

ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும், ஒரு அணி புள்ளி எடுத்த பிறகும், பந்தை எதிரணியிடம் உதைத்து அனுப்புவதுதான் கிக்-ஆஃப். அதைப் பிடித்தவர், தன்மீது பாய்ந்து வரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முடிந்த மட்டும் ஓடலாம். பந்து கோல் கோட்டைத் தாண்டி எண்ட் ஸோனிலேயே அடங்கிவிட்டால் டச்பேக். ஓட்டமும் இல்லை, மோதலும் இல்லை. விதி சொல்லும் கோட்டிலிருந்து ஆட்டம் தொடரும். அந்த 13 உதைகளின்போது பார்வையாளர்கள் எழுந்து போய்த் தின்பண்டம் வாங்கி வந்திருக்கலாம். எதையும் இழந்திருக்க மாட்டார்கள்.

இந்த நிலைக்கு ஆட்டத்தை இழுத்து வந்தது இந்தப் போட்டியை நடத்தும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.தான். அதற்கு அது வெட்கப்பட வேண்டியதில்லை. இரு பக்கமிருந்தும் நாற்பது, ஐம்பது கெஜம் ஓடிவந்து முழு வேகத்தில் மோதுவதுதான் பழைய கிக்-ஆஃப். 1892-ல் யேல் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஹார்வர்டு அணி கிக்-ஆஃபுக்கென ஒரு வியூகம் வகுத்தது. ஆட்டக்காரர்கள் ஆப்பு வடிவில் திரண்டு ஓடி எதிரணியைப் பிளந்தார்கள். அதை வகுத்துக் கொடுத்த லோரின் டெலண்ட் சதுரங்கத்தில் தேர்ந்தவர். கால்பந்து ஆடியவரே அல்லர். இரண்டே ஆண்டில் அதற்குத் தடை வந்தது. ஆனால் ஓடிவந்து மோதுவது நிற்கவில்லை. 2007-ல் பஃபலோ அணியின் கெவின் எவரெட், 2010-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் எரிக் லெக்ராண்ட் என, இருவருக்கும் முதுகுத்தண்டு முறிந்தது கிக்-ஆஃபில்தான். ரட்கர்ஸின் பயிற்சியாளராக இருந்த கிரெக் ஷியானோ, கிக்-ஆஃபையே எடுத்துவிடலாம் என்று பிறகு யோசனை சொன்னார். பார்த்தவர் சொன்ன சொல் அது.

லீக் எடுத்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை அடக்கியது. 2011-ல் உதைக்கும் இடத்தை ஐந்து கெஜம் முன்னே தள்ளியது. 2016-ல் டச்பேக்குக்குக் கிடைக்கும் இடத்தை (பந்தைப் பெறும் அணியின் கோல் கோட்டிலிருந்து எண்ணி) 25-வது கெஜத்துக்கு உயர்த்தியது. 2018-ல் உதைக்கும் அணி ஓடிவந்து பாய்வதைத் தடுத்தது. கடைசியில் மிஞ்சியதுதான் லாஸ் வேகஸின் 13 செத்த உதைகள்.

அதற்குப் பின் வந்த மாற்றம் வேறு ரகம். 2020-ல் எக்ஸ்.எஃப்.எல். என்ற சிறிய லீக் முயன்று பார்த்ததைத் தழுவி, 2024 மார்ச்சில் 29-க்கு 3 என்ற வாக்கில் என்.எஃப்.எல். ஒரு புது வடிவத்தை ஏற்றது. முதல் தடவை பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். உதைப்பவர் மட்டும் தன் பக்கத்து 35-வது கெஜத்தில் தனியாக நிற்கிறார். அவருடைய அணியின் மற்ற பத்துப் பேரும் எதிரணிப் பக்கத்து 40-வது கெஜத்தில் வரிசை கட்டியிருக்கிறார்கள். எதிரணி ஆட்கள் அவர்களுக்கு ஐந்து கெஜம் தள்ளி முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். உதைக்கப்பட்ட பந்து தலைக்கு மேலே பறந்து போகிறது. கீழே வரிசையில் நிற்கும் ஒருவரும் அசையக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகள் ‘ஸ்டாச்சூ’ விளையாடுவது போலத்தான். பந்து தரையைத் தொட வேண்டும், அல்லது யாராவது பிடிக்க வேண்டும். அப்போதுதான் சிலைகளுக்கு உயிர் வரும். ஓட்டம் உண்டு, தடுப்பு உண்டு. ஐம்பது கெஜ வேகத்தோடு வரும் மோதல் மட்டும் இல்லை.

வடிவம் சரி. கணக்குதான் முதலில் பிசகியது. டச்பேக் ஆனால் எதிரணிக்கு 35-வது கெஜத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே முதலில் வந்த முன்மொழிவு. வாக்கெடுப்புக்கு முன் அதை 30 ஆகக் குறைத்தார்கள். பயிற்சியாளர்கள் கணக்குப்பிள்ளைகள். எதிரணியை ஓடவிட்டாலும் ஏறக்குறைய 30-க்குத்தான் வரப் போகிறது, எதற்கு வம்பு என்று எண்ட் ஸோனுக்கே உதைத்துத் தள்ளினார்கள். 2024-ல் மூன்றில் ஒரு கிக்-ஆஃபில்தான் ஓட்டம் நடந்தது. 2025-ல் பழைய முன்மொழிவுக்கே திரும்பி 35 ஆக்கினார்கள். சும்மா 35 கெஜத்தைத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? டச்பேக் விதிவிலக்காகிவிட்டது. தரையில் விழுந்து தாறுமாறாக எகிறும்படி தாழ்வாக உதைப்பது தனிக் கலையாகவே வளர்ந்தது.

ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பும். ஓட்டம் கூடியதும், தாக்கும் அணிகள் தொடங்கும் இடமும் முன்னே வந்தது. 35-லிருந்து 15 கெஜம் நகர்ந்தால் மைதானத்தின் நடுக்கோடு. அங்கிருந்து ஃபீல்டு கோல், அதாவது பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்துவது என்றால், எண்ட் ஸோனின் ஆழமும் பின்னே தள்ளி நின்று உதைக்கும் தூரமும் சேர்ந்து ஏறத்தாழ 68 கெஜம். அது நடக்காத காரியம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். வலது பாதத்தில் விரல்களே இல்லாமல் பிறந்த டாம் டெம்ப்சி 1970-ல் உதைத்த 63 கெஜத்தைத் தாண்ட 43 ஆண்டுகள் ஆயின. 2021-ல் ஜஸ்டின் டக்கர் 66 உதைத்தார். பந்து குறுக்குக் கம்பியில் பட்டு எகிறித்தான் உள்ளே விழுந்தது. 2025 நவம்பரில் ஜாக்சன்வில் அணியின் கேம் லிட்டில் 68 உதைத்தார். இடம், அந்த 13 செத்த உதைகள் நடந்த அதே லாஸ் வேகஸ் அரங்கம்.

உடனே கம்பங்களைக் குறுக்குங்கள் என்ற குரல் எழுகிறது. இப்போதைய அகலம் 18 அடி 6 அங்குலம். 2015 புரோ பவுல் காட்சிப் போட்டியில் 14 அடியாக்கிப் பார்த்தார்கள். ஆடம் வினாட்டியேரி போன்ற கைதேர்ந்தவரே (கால்தேர்ந்தவர் என்பதுதான் சரி) தடுமாறினார். எனக்கு இதில் உடன்பாடில்லை. உதைக்கும் பந்துகளை முன்கூட்டியே தேய்த்துப் பழக்கிக்கொள்ள அணிகளுக்கு 2025-ல்தான் சலுகை தரப்பட்டது. அதுவரை ஆட்டத்தன்று கைக்கு வரும் புத்தம்புதுப் பந்தோடு மாரடிக்க வேண்டும். ஃபீல்டு கோல் மலிந்துவிட்டது என்று உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள் முதலில் அந்தச் சலுகையைத் திரும்பப் பெறட்டும். கம்பத்தில் கைவைப்பது அப்புறம்.

எனக்குள்ள குறை வேறு. இத்தனை திருத்தங்களுக்கும் நடுவே ஆன்சைடு கிக் செத்துப் போனது. அதற்காக யாரும் அழவில்லை. பின்தங்கிய அணி பந்தைக் குட்டையாக உதைத்து, அது பத்து கெஜம் தாண்டியதும் பாய்ந்து தானே பிடித்துக்கொள்ளும் கடைசி நேரச் சூதாட்டம் அது. முன்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பலிக்கும். 2018-ல் ஓடிவருவதைத் தடுத்த பிறகு பத்தில் ஒன்றுகூடப் பலிப்பது அரிதாயிற்று. இப்போது, உதைக்கப் போகிறேன் என்று நடுவரிடம் முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். 2010 சூப்பர் பவுலில் 10-6 எனப் பின்தங்கியிருந்த நியூ ஆர்லியன்ஸ், இரண்டாம் பாதியின் முதல் உதையையே சொல்லாமல் கொள்ளாமல் ஆன்சைடாக உதைத்தது. பந்தைக் கைப்பற்றி, ஆட்டத்தைத் திருப்பி, 31-17 என வென்றது. இன்றைய விதியில் அந்த உதைக்கு இடமே இல்லை. திருடன் மணியடித்துவிட்டு வருவதற்குப் பெயர் திருட்டா?

மாற்று வழி கைவசம் இருக்கிறது. ஷியானோவின் பழைய யோசனையிலிருந்து கிளைத்ததுதான் அதுவும். உதைப்பதற்குப் பதிலாக, பின்தங்கிய அணிக்குத் தன் 20-வது கெஜத்திலிருந்து ஒரே ஒரு முயற்சி. அதில் 20 கெஜம் கடந்தால் பந்து அவர்களுக்கு, தவறினால் எதிரணிக்கு. பிலடெல்பியா அணி 2024-ல் இதை முன்மொழிந்தது. நல்ல குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) உள்ள அணிக்கே இது லாபம் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் ஆட்டத்தில் எதுதான் அவருக்கு லாபமில்லை? தடுப்பவர் செய்யும் ஒரு சின்னத் தவறுக்கு நடுவர் கொடி வீசினால் வாய்ப்பு இனாமாகப் போய்விடும் என்பது அதைவிட வலுவான ஆட்சேபம். அந்த ஒரு முயற்சிக்கு மட்டும் தண்டனையைக் கெஜக் கணக்கோடு நிறுத்தி, முயற்சியைத் திரும்ப ஆடச் சொன்னால் போதும்.

கால்பந்திலிருந்து காலை எடுக்கிறார்களே என்ற மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் பலிக்கவே பலிக்காத உதையைச் சடங்குக்கு வைத்துக்கொண்டிருப்பதில் காலுக்கு என்ன பெருமை?

விதியை மாற்ற 32 அணி உரிமையாளர்களில் 24 பேர் கைதூக்க வேண்டும். 2024 மார்ச்சில் ஆர்லாண்டோவில் கிக்-ஆஃபுக்கு 29 கைகள் உயர்ந்தன. பிலடெல்பியாவின் முன்மொழிவு அதே கூட்டத்தில் தேறவில்லை.