போகச் சொன்னார்கள்தானே?

கத்ரினா சூறாவளி 2005 ஓகஸ்ட் 29இல் அடித்து இத்தனை வருடமாகியும், பேச்சு வந்தால் நம்மவர் பலர் வாயில் முதலில் வருவது இதுதான்: "அரசாங்கம் போகச் சொன்னதுதானே, அந்தக் கறுவல்கள் ஏன் போகேல்லை?" நான் வேலை செய்யும் குசினியிலும் இதையேதான் கேட்கிறேன். சொல்பவர்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்தவர்கள்! சைக்கிள்கூட இல்லாதவன் பட்ட பாடும், நடக்கமாட்டாத கிழவிகள் வீட்டோடு விடப்பட்டதும் இவர்களுக்குத் தெரியாததா?

நியூ ஓர்லியன்ஸ் நகரபிதா கட்டாய வெளியேற்ற உத்தரவைப் பிறப்பித்தது புயலுக்கு முதல்நாள். அந்த நகரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் கார் இல்லை. மாதக்கடைசி வேறு, வறியவர்களின் உதவிப்பணம் இன்னும் வந்திருக்கவில்லை. பாடசாலை பஸ்களோ நிறுத்திய இடத்திலேயே மூழ்கின. இது எதிர்பாராததல்ல. 2004 யூலையில் 'பாம்' என்றொரு கற்பனைப் புயலை வைத்து, மத்திய அரசின் அனர்த்த நிறுவனமான ஃபீமாவே அதிகாரிகளைக் கூட்டி ஒத்திகை பார்த்தது. நகரம் மூழ்கும், இலட்சக்கணக்கானோர் சிக்குவார்கள் என்று அங்கேயே கணக்கிடப்பட்டது. ஒத்திகை பார்த்த நாடகத்தையே மேடையில் மறந்துபோனார்கள்.

ஃபீமாவை 2003இலேயே, பயங்கரவாதத்தை முதன்மையாகக் கொண்ட புதிய அமைச்சுக்குள் செருகியாயிற்று. தலைவர் மைக்கல் பிரவுண் முன்னர் அராபியக் குதிரைச் சங்கமொன்றில் பணியாற்றியவர். மக்கள் உதவிக்குக் காத்திருக்கையில், செப்டெம்பர் 2இல் ஜனாதிபதி புஷ் கமராக்களுக்கு முன்னால் அவரை மெச்சினார். பத்தாம் நாள் பிரவுண் பதவி விலகினார்.

சரி, வெள்ளமாவது இயற்கையா? 17ஆம் வீதிக் கால்வாய் மதில், தண்ணீர் அதன் விளிம்பை எட்டுமுன்னரே சரிந்தது. அமைத்தது இராணுவப் பொறியியற் படை. 2006இல் வடிவமைப்புப் பிழையை ஒப்புக்கொண்டதும் அதுவே. ஆயினும் 2008 ஜனவரியில் மக்களின் வழக்கு தள்ளுபடியானது. வெள்ளத்தடுப்பு வேலைகளுக்காக அரசாங்கத்திடம் நட்டஈடு கேட்க 1928ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடம் தரவில்லையாம். நீதிபதி அந்தப் படையைக் கண்டித்துக்கொண்டேதான் தீர்ப்பெழுதினார். கண்டனம் யாருடைய வீட்டைக் கட்டித்தரும்? 2023இல் திருத்திய கணக்கின்படி கத்ரினாவுக்குப் பலியானோர் 1,392 பேர்.

தொலைக்காட்சிகள் அம்மக்களை 'அகதிகள்' என்றபோது அவர்கள் கொதித்தார்கள். அகதியாகிய எனக்கு அந்தக் கோபம் விளங்குகிறது. வரி கட்டிய சொந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்டதன் கோபம் அது. புஷ்ஷும் சொன்னார், இவர்கள் அகதிகளல்ல, அமெரிக்கர்கள் என்று. ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தால் கிறெற்னா பக்கம் நடந்து தப்ப வந்தவர்களைப் பொலிசார் துப்பாக்கிகளுடன் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அக்கரையில் காய்ந்த தரை இருந்தது. 'போகச் சொன்னார்கள்தானே' என்பவர்கள் இந்தப் பாலத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?