பாவம் எது?

"பூனைக்கு ஆபரேஷனா? அந்தப் பாவம் நமக்கெதுக்கு?" அம்மாபேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களேதான் கண் திறக்காத குட்டிகளைக் கோணிப்பையில் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருகிறார்கள். அது பாவமில்லையாம்!

காமர்ஸ் படிக்கிறவன், கணக்கு சொல்கிறேன். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். ஈற்றுக்கு மூன்று, நாலு குட்டி. வருஷத்துக்கு இரண்டு, மூன்று ஈற்று. அந்தக் குட்டிகளும் குட்டி போடும். கூட்டு வட்டியேதான்!

சென்னையில் ப்ளூ கிராஸ் 1964லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை ஆரம்பித்தது. 2001ல் மத்திய அரசு போட்ட கருத்தடை விதிகளின் பெயரிலும் நாய்தான் இருந்தது. பூனைக்கு மாநகராட்சி வண்டி வரும் என்று காத்திருக்காதீர்கள் மக்களே. பால் ஊற்றியது நாம், பொறுப்பும் நம்முடையதே. ஆணோ பெண்ணோ, கால்நடை டாக்டரிடம் ஒருமுறை தூக்கிப் போங்கள். கோணிப்பைக்கு வேலை இருக்காது.