டிரெய்லர் கொக்கியும் நமது பொறுப்பே



சரக்கு குடோன் வாசலைத் தாண்டிவிட்டால் நமது வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். பில் போட்டாயிற்று, மூட்டை எண்ணியாயிற்று, இனி வண்டிக்காரர் பாடு. நாங்களும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இராஜபாளையம் குடோனிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிராக்டரில் சீனியும் துவரம்பருப்பும் அனுப்பினோம். டிரெய்லர் கொக்கியில் பின் இருந்தது. அது கழன்று வராமல் இருக்கப் போடும் கிளிப் இல்லை. பதிலுக்கு ஓர் ஆணியை வளைத்துச் சொருகியிருந்தார்கள். எங்கள் கண்ணில் அது பட்டது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று நாங்களே சமாதானம் செய்துகொண்டோம். வழியில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ஆணி நிமிர்ந்து, பின் எகிறி, டிரெய்லர் தனியே கழன்றுவிட்டது. மூக்கு தரையில் குத்தி மூட்டைகள் சரிந்தன. மேலே உட்கார்ந்து வந்த லோடுமேனின் கால் மூட்டைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே சிக்கியது. உயிர் பிழைத்தார், அதன் பிறகு மூட்டை சுமக்க அவரால் முடியவில்லை. அவர் குடும்பத்துக்கு நாங்கள் செய்ததை இங்கே எழுதுவது முறையல்ல. போதுமான அளவு செய்தோம் என்றும் சொல்லமாட்டோம்.

2005-ல் டாட்டா ஏஸ் வந்த பிறகு சில்லறைக் கடைச் சரக்கெல்லாம் குட்டி யானைக்கு மாறிவிட்டது உண்மைதான். ஆனாலும் தேங்காய், உப்பு, மாட்டுத்தீவனம், மொத்தமாகப் போகும் அரிசி என்றால் நம் பக்கத்தில் இன்றும் டிராக்டரைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே இது பழைய கதை அல்ல.

கிளிப்புடன் ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் அவசியம். பின் போனாலும் சங்கிலி டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும். டிராக்டருக்கும் டிரெய்லர் மூக்குக்கும் இடையே, வளைவில் திரும்புகிற அளவுக்கு மட்டும் தொய்வு விட்டு மாட்ட வேண்டும். தரையில் இழுபடுகிற சங்கிலி தேய்ந்து, வேண்டிய நேரத்தில் அறுந்துபோகும்.

அடுத்தது பாரம். மாட்டுவண்டி ஓட்டிய நம் பெரியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். பாரம் பின்னால் போனால் கொக்கி மேலே தூக்கப்பட்டு, டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும்; டிரெய்லர் வால் ஆட்டும். முன்னால் அளவு மீறினால் மேட்டில் டிராக்டரின் முன்சக்கரம் எழும்பும். ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் கடையில் இறக்க வேண்டிய மூட்டைகளைப் பின்னால் அடுக்குவது நமக்கு வசதி. அந்த வசதிக்காக எடை முழுவதையும் பின்னால் தள்ளுவதும் நாம்தான்.

வண்டியைப் பலப்படுத்திவிட்டோம் என்று சொல்லிக் கூடுதல் வாடகை கேட்பவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். பட்டறையில் கமான் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள், பக்கப்பலகையை ஓரடி உயர்த்துவார்கள். பட்டை தாங்கும், அச்சும் டயரும் பேரிங்கும் பழையவைதானே? ஓரிடத்தைப் பலப்படுத்தினால் பாரம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். ஆண்டாள் கோயில் தேருக்கு மரச் சக்கரங்களை மாற்றி இரும்புச் சக்கரங்கள் பொருத்தியவர்கள், நிறுத்துவதற்கான தடையையும் சேர்த்தே பொருத்தினார்கள். நம் பக்கம் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் என்பதே இல்லை. ஐந்து டன்னையும் டிராக்டர் ஒன்றே நிறுத்தியாக வேண்டும். மூக்கில் விரிசல் கண்டால் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே வெல்டிங் பூசுவது இன்னும் மோசம். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசல் அப்படியே வளரும்.

உப்பு மூட்டை ஏற்றும் வண்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். தூத்துக்குடி உப்பில் கசியும் நீர் அடித்தகட்டையும் அச்சையும் அரித்துவிடும். சரக்கு இறக்கியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது சரி. ஓடி வந்த சூட்டோடு கண்மாயில் இறக்கிக் கழுவுவது சரியல்ல. சூடான ஹப் திடீரென்று குளிரும்போது உள்ளே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு பேரிங் போய்விடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் போதும்.

சட்டம் ஓட்டுநரை மட்டும் பிடிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிக பாரத்துடன் வண்டியை ஓட்டச் செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். விவசாயத்துக்கென்று காப்பீடு செய்த டிராக்டரில் வாடகைச் சரக்கு ஏற்றினால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. டிரெய்லருக்குத் தனிப் பதிவுச் சான்று உண்டு. அதிலுள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். வட்டிக்கணக்குப் போடும் நமக்கு இது ஒரு கணக்கா?

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நடைக்கு ஐம்பது ரூபாய் குறைக்க நாம் பேசும் பேரம்தான் பல வண்டிகளில் வழுக்கை டயராக ஓடுகிறது. குறைந்த வாடகைக்கு வருகிறவரிடம் புது டயரை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நமது சங்கம் வாடகை பேசும்போது கிளிப், சங்கிலி, பின்புறச் சிவப்பு விளக்கு, ஒளிரும் பட்டை ஆகியவை உள்ள வண்டிக்குத் தனி வாடகை நிர்ணயிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அவை இல்லாத வண்டிக்கு எந்த உறுப்பினரும் சரக்கு ஏற்றக் கூடாது. மூட்டை மேல் ஆள் உட்காரவும் கூடாது.

எங்கள் குடோன் வாசலில் கொக்கிப் பின் இரண்டும் கிளிப் ஒரு கொத்தும் தொங்குகின்றன. போன மாதம் சங்கிலி இல்லாமல் வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினோம். வண்டிக்காரத் தம்பி கோபித்துக்கொண்டுதான் போனார். மதியத்துக்கு மேல் சங்கிலியோடு வந்து, நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டார். கொடுத்தோம்.